கொழுந்து வாட்டும் பெட்டியில் எத்தனை துளை போட வேண்டும்?

இலங்கை மலைநாட்டு மஸ்கெலியாவிலிருந்து நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். வீட்டுத் தோட்டத்துக் கொழுந்தில் கறுப்புத் தேயிலை செய்து பார்க்கிறீர்கள். கொழுந்தை வாட்ட, அதாவது உருட்டும் முன் ஈரத்தைக் குறைத்துத் துவளவைக்க, ப்ளைவூட்டில் ஒரு மீற்றர் உயரம், அறுபது சென்ரிமீற்றர் அகலமும் ஆழமுமாக ஒரு பெட்டி அடித்திருக்கிறீர்கள். உள்ளே மூன்று தட்டு, அடியில் 60 வாட் பல்ப் இரண்டு, மேலே ஒரு அங்குலத் துளை நாலு. ஐந்து கிலோ கொழுந்தை ராத்திரி முழுக்க வைத்தால், காலையில் கீழ்த்தட்டு இலை ஓரம் காய்ந்து நொறுங்குகிறது, மேல்தட்டு இலை ஈரமாகவே இருந்து புளித்த வாடை அடிக்கிறது. காற்றின் ஈரப்பதனை, அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஹைக்ரோமீற்றர் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறீர்கள், அது 90-க்குக் கீழே இறங்குவதே இல்லை. இன்னும் எத்தனை துளை போட வேண்டும், ஈரத்தை இழுக்க உப்போ சிலிக்கா ஜெல்லோ வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

துளையின் எண்ணிக்கையை நான் இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் இலையிலிருந்து வெளியேறும் தண்ணீர் எவ்வளவு, அதைச் சுமந்துகொண்டு போக எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்குத் தெரியாமல் துளை போட்டால் பலகைதான் ஓட்டையாகும். நான் பல வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், முதலில் தலவாக்கலைப் பக்கமும் அப்புறம் ஊவாப் பக்கமும், டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவனாக, வேலை பார்த்தவன். கறுப்புத் தேயிலைதான் எனக்குப் பழக்கம். கீழே சொல்லும் தண்ணீர், காற்று, வெப்பக் கணக்குகள் எங்கே போனாலும் மாறாதவை. நேரம், வாசனை, கைப்பதம் பற்றிச் சொல்வது தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய தொட்டிகளில் பழகிய பழக்கம். உங்கள் சின்னப் பெட்டியில் அது கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 77 சதவீதம் என்று வைத்தால், ஐந்து கிலோவில் உலர்ந்த பொருள் ஒரு கிலோ 150 கிராம், மிச்சமெல்லாம் தண்ணீர். உருட்டுவதற்குப் பதமாக இலை வாடியிருக்கும்போது அதில் தண்ணீர் ஏறக்குறைய 55 சதவீதமாகக் குறைந்திருக்கும். அப்போது மொத்த எடை இரண்டரை கிலோ அளவில் நிற்கும். ஆக, ஒரு ராத்திரியில் உங்கள் பெட்டி வெளியே அனுப்ப வேண்டிய தண்ணீர் இரண்டு கிலோ 400 கிராம். இனிப் பெட்டியைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 0.36 கன மீற்றர். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் உங்கள் பெட்டிக் காற்று முழுக்க நிறைந்தாலும் 8 கிராம். அதிலும் மஸ்கெலியாக் காற்று உள்ளே வரும்போதே பாதிக்கு மேல் நிரம்பித்தான் வருகிறது. மிச்சம் இடம் ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்குக்கூடப் போதாது. உங்கள் ஹைக்ரோமீற்றர் 90-இல் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு தண்ணீர் பிடிக்கும். ஒரு ராத்திரிக்கே ஏழு கிலோவுக்கு மேல் வேண்டும், மறுநாள் அத்தனையையும் அடுப்பில் வறுத்து எடுக்க வேண்டும். உப்பும் அரிசியும் இந்த அளவுக்கு அருகிலேயே வராது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

காற்று ஓடினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது, குறிப்பாக உங்கள் பக்கத்தில். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் எல்லாம் மழையிலும் பனிமூட்டத்திலும் ஊறிக்கிடக்கும். ராத்திரி வெளியே 16 டிகிரி, ஈரப்பதன் 95 சதவீதம் என்று வைப்போம். அந்தக் காற்றை அப்படியே இலை மேல் ஊதினால், பனிமூட்டத்தில் கொடியில் போட்ட துணி காய்வது போலத்தான் இலை வாடும். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே எடுக்காமலே அதன் ஈரப்பதன் 54 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீராவி அதே அளவுதான், ஆனால் சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி கூடிவிடுகிறது. பத்து டிகிரி ஏற்றினால் ஈரப்பதன் ஏறக்குறைய பாதியாகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி வெப்பம்தான். துளையும் விசிறியும் அந்தக் காற்றை இலை வழியாகக் கொண்டுபோய் வெளியே விடும் வேலையைச் செய்கின்றன.

பழைய தோட்டத்து ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், மேல்மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகள் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்து விட்டுக் கொழுந்தை வாட்டுவார்கள். மழை நாளில் ஜன்னல்களை மூடிவிட்டு, கீழே தேயிலை காயவைக்கும் இயந்திரத்தின் சூட்டைப் பெரிய விசிறிகளால் மேல்மாடிக்கு இழுப்பார்கள். கண்டி ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம் 1925-இல் கட்டிய ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் நடக்கிறது. ஒரு நாள் போய் அந்த மாடிகளையும் ஜன்னல்களையும் பாருங்கள், உங்கள் பெட்டிக்கு என்ன குறை என்று அங்கேயே விளங்கிவிடும்.

இனி உங்கள் பெட்டிக்குக் கணக்கு. 54 சதவீதத்தில் உள்ளே போகும் காற்று, இலைகளைக் கடந்து 80 சதவீதம் அளவில் வெளியே வரும் என்று எடுத்தால், ஒரு கன மீற்றர் காற்று இரண்டு கிராம் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றும் குளிர்ந்துவிடுவதால் அவ்வளவுதான் முடியும். 2,400 கிராம் தண்ணீருக்கு 1,200 கன மீற்றர் காற்று வேண்டும். பதினாலு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் மணிக்கு 85 கன மீற்றர். அந்தக் காற்றை ஒன்பது டிகிரி ஏற்ற 250 வாட் வேண்டும், பலகை வழியாகப் போகும் சூட்டையும் சேர்த்தால் 350 வாட். உங்கள் இரண்டு பல்ப்பும் சேர்ந்து 120 வாட். அதனால் அவ்வளவு காற்றை நாலு டிகிரிக்கு மேல் ஏற்ற முடியாது. இப்போது உங்கள் பெட்டியில் காற்று ஓடாததால்தான் பல்ப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டு கருகும் அளவுக்குச் சூடாகிறது. பல்ப்புகளைக் கழற்றிவிட்டு, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த 400, 500 வாட் ஹீட்டர் ஒன்றைப் பெட்டிக்கு வெளியே ஒரு தகரக் குழாய்க்குள் வைத்து, சூடான காற்றை அடியில் உள்ளே விடுங்கள். ப்ளைவூட்டுக்குப் பக்கத்தில் நேரடியாக எந்தச் சூட்டுச் சாமானும் இருக்கக் கூடாது. மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் இதை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போகவும் கூடாது. கரி அடுப்பு வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மூடிய அறையில் அதன் புகை உயிரையே எடுக்கும், தேயிலையிலும் புகை வாடை ஏறிவிடும்.

விசிறிக்கு வருவோம். விசிறி வரும் அட்டைப்பெட்டிமேல் எழுதியிருக்கும் காற்றளவு வெட்டவெளியில் அளந்தது. தட்டும் இலையும் மறித்தால் பாதிதான் கிடைக்கும். அதனால் மணிக்கு 200 கன மீற்றர் அளவுள்ள ஆறு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று போதும். அதை அடியில் வைத்து உள்ளே தள்ளுவது நல்லது. மேலே வைத்து இழுத்தால் ஈரக்காற்று முழுக்க மோட்டார் வழியாகப் போகும். கதவு இடுக்குகளில் குளிர்காற்றும் உள்ளே இழுபடும். துளையைப் பொறுத்தவரை, ஒரு அங்குலத் துளை நாலும் சேர்ந்து 20 சதுர சென்ரிமீற்றர். உங்களுக்கு வேண்டியது அதைப்போலப் பத்து மடங்கு. அடியில் 14 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு வாசல், மேலே அதே அளவில் அல்லது கொஞ்சம் பெரிதாக ஒன்று. இரண்டிலும் இழுத்து மூடும் பலகை இருக்கட்டும். வெளியேறும் வாசலை உள்வாசலைவிடச் சிறிதாக வைத்தால் பெட்டிக்குள் காற்று தேங்கிவிடும். விசிறிக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே ஒரு சாண் உயரமாவது வெறுமையாக விடுங்கள், காற்று எல்லா மூலைக்கும் பரவிய பிறகு இலைக்குள் ஏறட்டும்.

தட்டுகள் மூன்றை ஐந்தாக்குங்கள், ஒரு தட்டுக்கு ஒரு கிலோ. இப்போது நீங்கள் போடும் கனம் அதிகம். அடி நைலோன் வலையாக இருக்கட்டும். வெறும் இரும்புக் கம்பி வலை வேண்டாம், இலைச் சாறு பட்ட இடம் கறுத்துப்போகும். புதுப் பலகையின் பசை வாடை, பெயின்ட், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பதால், வெறும் பெட்டியை இரண்டு மூன்று நாள் சூட்டுக் காற்றில் ஓடவிட்டு வாடை போன பிறகு கொழுந்தைப் போடுங்கள். என்னதான் செய்தாலும் கீழ்த்தட்டு முந்தும், மேல்தட்டு பிந்தும். மேலே போகும் காற்று கீழே ஏற்கெனவே ஈரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. அதற்கு மருந்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை தட்டுகளை மேல் கீழாக மாற்றுவது. தொழிற்சாலைத் தொட்டிகளிலும் இதே காரணத்துக்காகக் காற்றின் திசையைத் திருப்பி ஓடவிடுவதுண்டு.

அளவுக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலிவான டிஜிட்டல் ஹைக்ரோமீற்றர் 90-க்கு மேலே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதைச் சோதிக்க, ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல இருக்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீற்றரோடு காற்றுப் போகாத டப்பாவில் ஒரு பகல் முழுக்க வைத்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ஒரே மாதிரி இரண்டு தெர்மோமீற்றர் வாங்கி, ஒன்றின் குமிழில் சுத்தமான பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீரில் விட்டு, இரண்டையும் காற்றோட்டத்தில் தொங்கவிடுவேன். தொழிற்சாலையிலும் இதைத்தான் பார்ப்போம். உலர்ந்தது 25 டிகிரி காட்டும்போது, ஈரக்குமிழ் 20 காட்டினால் ஈரப்பதன் 63 சதவீதம், 22 காட்டினால் 77, 24 காட்டினால் 92. உள்ளே போகும் காற்றில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் வாட்டம் ஒழுங்காக நடக்கும். வெப்பத்தை 32 டிகிரிக்கு மேலே ஏற்ற வேண்டாம், ஓரம் சிவக்கும். காற்று இல்லாமல் குவிந்துகிடந்தால் கொழுந்து தன் மூச்சிலேயே சூடேறிச் சிவந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். சாக்கில் அடைத்துக் கொண்டுவந்த கொழுந்தை உடனே உதறிப் பரப்பச் சொல்வது அதனால்தான்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தராசில். ஒரு தட்டை அடையாளம் வைத்து, போடும்போது நிறுத்து, ராத்திரியிலும் காலையிலும் நிறுத்துப் பாருங்கள். போட்ட ஒரு கிலோ, 520 கிராமாகக் குறைந்தால் பதம். ஒரு கவனம், மழையில் பறித்த கொழுந்தில் வெளியே ஒட்டிய தண்ணீரும் எடையில் சேரும். அதை முதலில் நிறுத்துவிட்டால் கணக்குத் தப்பி, பாதி வாடாத இலையைப் பதம் என்று நினைத்துவிடுவீர்கள். வாசல் இரண்டையும் முழுக்கத் திறந்து, இலையின் மேல் ஈரம் போகும்வரை காற்றை ஓடவிட்டு, அப்புறம் தொடக்க எடையை எடுங்கள். கையில் பார்ப்பதென்றால், ஒரு பிடி இலையை இறுக்கி உருட்டி விடுங்கள். உருண்டை சட்டென்று விரியாமல் மெதுவாக அவிழ வேண்டும். காம்பை மடித்தால் முறியாமல் வளைய வேண்டும். பச்சை வாடை போய்ப் பழ வாசனை போல ஒன்று எழும். அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வாசல்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதும் உங்கள் கேள்வியில் அடங்கியிருக்கிறது. முதல் நாலைந்து மணி நேரம் இரண்டும் முழுக்கத் திறந்திருக்கட்டும், தண்ணீர் அதிகம் போகும் நேரம் அது. மேல்வாசலில் வெளியேறும் காற்றின் ஈரப்பதன் 65-க்குக் கீழே இறங்கினால், அந்தக் காற்றை இன்னும் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். அப்போது வாசல்களைப் பாதி மூடி, ஹீட்டரையும் குறையுங்கள். வெளியே வெயிலடித்து 24 டிகிரி, 60 சதவீதம் என்று இருக்கும் பின்னேரத்தில் ஹீட்டரே வேண்டாம், விசிறி மட்டும் போதும். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஆடி ஆவணியில் வரும் காய்ந்த காற்றில் நிலைமை நேர்மாறு. அங்கே ஆறு மணி நேரத்திலேயே எடை பாதியாகிவிடும். எடை இறங்கிவிட்டதே என்று உடனே உருட்டினால் தேயிலை பச்சை நெடியோடு சப்பென்று இருக்கும். தண்ணீர் போவது ஒரு வேலை, இலைக்குள்ளே புரதமும் மாச்சத்தும் உடைந்து வாசனைக்கான பொருட்கள் உருவாவது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு நேரம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுவது தொழிற்சாலைப் பழக்கம். காய்ந்த காற்றில் விசிறியை நிறுத்தி, வாசலை மூடி, நடுநடுவே மட்டும் ஓடவிட்டு நேரத்தை இழுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதே பெட்டியில்தான் செய்வீர்கள் என்று தோன்றுகிறது. உருட்டிய இலை செம்பு நிறமாகும் கட்டத்துக்குத் தேவையானது இதற்கு நேர் எதிர். அங்கே ஈரப்பதன் 95 சதவீதம் வேண்டும், இரண்டு தெர்மோமீற்றருக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெப்பம் 22 முதல் 26 வரை. ஹீட்டரும் வேகமான விசிறியும் அங்கே ஆகாது. தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே தொடாமல் ஈரத்துணி கட்டி, பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று வைத்தால் போதும். ஆனால் முழுக்க மூடிவிடாதீர்கள். நிறம் மாற ஒக்சிசன் வேண்டும், மூச்சடைத்த இலை மந்தமாகிப் புளிக்கும். எவ்வளவு நேரம் என்பதை மணிக்கணக்கில் கட்டிப்போட முடியாது. உருட்டத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் என்பது பொதுவான எல்லை, குளிரில் நீளும். நிறத்தையும் வாசனையையும் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு பருவத்திலும் அது மாறும்.

காயவைப்பதற்கு இந்தப் பெட்டி எந்தக் காலத்திலும் உதவாது. தொழிற்சாலையில் 90 டிகிரிக்கு மேலான காற்றில் காயவைக்கிறோம். இலையின் நிறத்தை மாற்றும் நொதியம் சூட்டில் சட்டென்று நிற்க வேண்டும். 40, 50 டிகிரியில் மெதுவாகக் காயவைத்தால் அது நிற்காமல் வேலை செய்துகொண்டே இருந்து, அவிந்துபோன சுவை வந்துவிடும். வீட்டு அவனில் 100 டிகிரி வைத்து, மெல்லியதாகப் பரப்பி, நீராவி போகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, நடுவே கிளறிவிட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். காம்பு நொறுங்கினால் எடுத்து ஆறவிட்டு அன்றைக்கே இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். மஸ்கெலியாக் காற்றில் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் மறுபடி ஈரம் பிடித்துவிடும்.

செலவு செய்யும் முன் ஒன்று செய்யலாம். இப்போதிருக்கும் பெட்டியிலேயே அடியில் அந்த 14 சென்ரிமீற்றர் வாசலையும் மேலே ஒன்றையும் வெட்டி, பல்ப்பைக் கழற்றி, விசிறியை மட்டும் பொருத்தி, வெயிலடிக்கும் ஒரு நாளில் இரண்டு கிலோ கொழுந்து போட்டுப் பாருங்கள். மணிக்கொரு தடவை தட்டின் எடையையும் இரண்டு தெர்மோமீற்றரையும் குறித்து வையுங்கள். அந்தத் தாளை அனுப்பினால், மழைக்காலத்துக்கு எத்தனை வாட் ஹீட்டர் உங்களுக்குச் சரிவரும் என்று இன்னும் நெருக்கமாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.